ஒரு மிடறு நீர்

உண்ணும்பொழுது புரையேறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று பெரியவர்கள் நம் தலையில் மெல்லத் தட்டுவார்கள். நமக்கு அது நொடியில் நீங்கும் தொல்லை. பக்கவாதத்தாலோ நடுக்குவாதத்தாலோ விழுங்கும் ஆற்றல் குன்றியவர்களுக்கு அஃது உயிருக்கே இடராகலாம். என் பாட்டியார் இறுதி நாட்களில் ஒரு மிடறு தண்ணீர் கேட்டபொழுது, கொடுக்க அஞ்சி நின்றவன் நான். அந்த அச்சத்திற்கு மருத்துவ உலகம் தேடிய விடையின் வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

தண்ணீர் விரைந்து ஓடுவது. மூச்சுக்குழலின் வாயில் மூடுமுன் அது முந்திக்கொண்டால் நுரையீரலை அடையும், நிமோனியாவும் வரலாம். பானத்தைக் கெட்டியாக்கினால் அது மெல்லச் செல்லும். வாயில் மூட நேரம் கிடைக்கும். இதுவே அடிப்படைக் கருத்து.

நோயாளி பேரியம் கலந்த பானத்தை விழுங்குவதை எக்ஸ்-கதிர் வழியே அசையும் படமாகக் காணும் முறையை வளர்த்தவர்களுள் தலையாயவர், அமெரிக்கப் பேராசிரியை ஜெரி லோகெமன் அம்மையார். 1983-இல் வெளிவந்த அவரது நூல் இத்துறைக்கு வழிகாட்டியாயிற்று. பானத்தைக் கெட்டியாக்க மாவுப்பொருள் பயன்பட்டது. உமிழ்நீர் அதனை இளகச் செய்யுமாதலால், பின்னர் சாந்தன் பிசினும் வழக்கிற்கு வந்தது.

எனினும், கண்ணுக்குத் தெரிந்ததே முழு உண்மையாகிவிடவில்லை. 2008-இல் அமெரிக்காவில் இரு ஆய்வுகள் வெளியாயின. நடுக்குவாதமோ மறதி நோயோ உற்ற 711 பேரை ஆராய்ந்த முதல் ஆய்வில், தேன் போன்ற பானமே மூச்சுக்குழலில் புகுவது மிகக் குறைவு என்று படம் காட்டியது. மற்றோர் ஆய்வு 515 பேரை மூன்று திங்கள் தொடர்ந்து கவனித்தது. மோவாயைத் தாழ்த்தி வெறும் நீர் பருகியவர்களுக்கும் கெட்டிப் பானம் பருகியவர்களுக்கும் நிமோனியா வருவதில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. உடலில் நீர் வற்றியவர்களோ, முன்னவருள் நூற்றுக்கு 2 பேர். பின்னவருள் 6 பேர்!

மற்றொரு குழப்பமும் இருந்தது. 'தேன் பதம்' என்றால் எந்தத் தேன்? கைக்குக் கை பதம் மாறியது. 2013-இல் தொடங்கிய பன்னாட்டு முயற்சி, பானங்களுக்கு 0 முதல் 4 வரை படிகள் வகுத்தது. 10 மில்லிலிட்டர் ஊசிக்குழலில் பானத்தை நிரப்பி 10 நொடி ஒழுகவிட்டால், எஞ்சிய அளவே படியைச் சொல்லிவிடும். விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை.

பதத்தை அளக்கக் கற்றோம். நோயாளியின் தாகத்தையும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டும் என்பதை 2008-ஆம் ஆண்டின் ஆய்வு உணர்த்திற்று. யாருக்கு எந்தப் பதம் என்பதை மருத்துவர் ஒவ்வொருவரையும் சோதித்தே கூறவேண்டும். பாட்டியாரிடம் அன்று நான் கண்டது ஆபத்தை மட்டுமே. அவரது வறண்ட நாவையும் கண்டிருக்க வேண்டும்.