யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசி அலுவலகம்: ஒரு வரலாற்று நோக்கு

நீதி பரிபாலன வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் நீதியரசர்களையும் புகழ்பெற்ற அப்புக்காத்துமாரையுமே எடுத்துரைப்பர். வழக்கு மன்றேறுமுன் உறுதி எழுதியும், வழக்கு வந்தபின் அதற்கு வேண்டிய பத்திரங்களை ஆயத்தஞ் செய்தும் வந்த பிரக்கிராசிமாரும் நொத்தாரிசுமாரும் அவ்வரலாற்றிற் சிறிதிடமே பெறுகின்றனர். ஆயினும் யாழ்ப்பாணத்துக் குடிமகனொருவன் வாழ்நாள் முழுவதும் நீதிமன்றப் படி மிதியாதிருத்தல் கூடும். நொத்தாரிசின் மேசையைக் காணாதிருத்தல் அரிது. மகளுக்குச் சீதனம் கொடுத்தல், காணி வாங்குதல், ஈடு வைத்தல், மரணசாதனம் எழுதுதல் ஆகிய யாவும் அம்மேசையிலேயே நிறைவேறின.

இத்தொழிலின் பழைமையை அதன் சொற்களே உணர்த்துகின்றன. காணிப் பதிவேட்டைக் குறிக்கும் தோம்பு என்னுஞ் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. நொத்தாரிசு என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சி மூன்று முறை மாறியபோதும் மக்களின் சொத்துரிமை வழக்கம் பெரும்பாலும் நிலைபெற்றே இருந்தது. அவ்வழக்கத்தை எழுத்தில் அமைக்கும் பணியை ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரிடம் ஒப்புவித்தார். 1707 இல் நிறைவுற்ற அத்தொகுப்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலிமாரால் ஆராயப்பட்டு, அவர்தம் உடன்பாட்டைப் பெற்றது. அதுவே தேசவழமை. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தினால் ஆங்கிலேயரும் அதற்குச் சட்டவலு அளித்தனர். எச். எவ். முத்துக்கிருஷ்ணா 1862 இல் வெளியிட்ட பதிப்பு, அதனோடு நீதிமன்றத் தீர்ப்புகளையும் தொகுத்துத் தந்தமையால், சட்டத்தொழில் புரிந்தோர்க்குப் பெருந்துணையாயிற்று.

தேசவழமை எழுத்து வடிவம் பெற்றபோதும், காணிக் கைமாற்றங்கள் யாவற்றுக்கும் நொத்தாரிசை இன்றியமையாதவராக்கியது ஆங்கிலேயர் இயற்றிய 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். காணியை விற்றலும் ஈடு வைத்தலும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னும் ஒருங்கே சமுகமளித்த இரு சாட்சிகள் முன்னும் கையொப்பமிடப்பட்டாலன்றிச் செல்லா என அது விதித்தது. வாய்மொழியும் ஊரார் அறிவுமே போதுமானவையாயிருந்த நிலை அத்துடன் மாறியது. பின்னர் 1907 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அத்தொழிலின் ஒழுங்குகளை விரிவாக வகுத்தது. உறுதி முடிப்போரை நொத்தாரிசு அறிந்திருத்தல் வேண்டும். அன்றேல் சாட்சிகளேனும் அறிந்திருத்தல் வேண்டும். வாசிக்க அறியாதார்க்கு உறுதியை வாசித்து விளக்குதல் வேண்டும். மூலம் உரியவரிடஞ் செல்ல, ஒரு பிரதி நொத்தாரிசின் கட்டிலும், மற்றொரு பிரதி மாதந்தோறும் காணிப் பதிவகத்திலும் சேர்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து உறுதியொன்றை நோக்குவோர்க்கு அதில் ஊரின் உருவமே தோன்றும். ஒவ்வொரு காணிக்கும் தனிப்பெயர் உண்டு. பரப்பும் குழியுமாக அளவு சொல்லப்படும். கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாருடைய காணி என நான்கெல்லையும் வகுக்கப்படும். கிணற்றிற் பங்கும், அதற்குச் செல்லும் வழிவாய்க்கால் உரிமையும் தவறாது குறிக்கப்படும். ஆறில்லாக் குடாநாட்டிற் கிணற்றுப் பங்கின்றித் தோட்டக் காணி பயன்படாது என்பதை உறுதி எழுதினோர் நன்கறிந்திருந்தனர். கொடுப்பவர்க்கு அக்காணி முதுசமாக வந்ததா, சீதனமாக வந்ததா, தேடியதேட்டமா என்பதும் வினாவப்படும். யார் யார் ஒப்பம் இடவேண்டும் என்பது அவ்விடையிலேயே தங்கியுள்ளது. சீதனம் பெண்ணின் சொத்தே. எனினும் அவள் தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற விதியை 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் நீக்கிவிடவில்லை. சீதன உறுதி பெண்ணுக்கு அளித்த காவலும், அக்காவலின் எல்லையும் இதனாற் புலனாகும்.

பிரக்கிராசியின் பணி இதனினும் விரிந்தது. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைக் கோவையின்படி, கட்சிக்காரன் எழுத்து மூலம் பிரக்கிராசியை நியமிக்க, அப்பத்திரம் மன்றிற் கோவைப்படுத்தப்படும். அதன்பின் வழக்கின் பத்திரங்கள் யாவும் அவர் கைவழியே செல்லும். வழக்குரைக்கும் அப்புக்காத்தும் அவர் மூலமே அமர்த்தப்படுவார். மன்றின் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடந்த அக்காலத்தில், தமிழில் உறுதி முடிக்கும் அதிகாரம் பெற்ற நொத்தாரிசுமார் ஊர்தோறும் இருந்தனர். உயர்ந்த மன்றங்களில் இடம்பெறாத தமிழ், உறுதிகளிற் சட்டமொழியாகத் தொடர்ந்து வாழ்ந்தமை இவர்களாலேயாம்.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு பொருந்தும். கொழும்பில் 1841 இல் தோன்றிய எவ். ஜே. அன்ட் ஜீ. டி சேரம், 1879 இல் தோன்றிய ஜூலியஸ் அன்ட் கிறீசி என்னும் நிறுவனங்கள், பங்காளிகள் மாறினும் பெயர் மாறாது தலைமுறைகளைக் கடந்து நிலைத்தன. யாழ்ப்பாணத்திலோ அலுவலகம் பெரும்பாலும் ஒருவர் பெயரையே சார்ந்திருந்தது. தந்தைக்குப்பின் மகன் சட்டம் பயின்றாலன்றி அது தொடர்வதில்லை. இதற்குக் காரணம் திறமைக் குறைவன்று. கொழும்பு நிறுவனங்களுக்குத் தோட்டக் கம்பனிகளும் வங்கிகளும் துறைமுக வாணிபமும் வேலை தந்தன. கம்பனிக்கு மரணமில்லை ஆதலின் அதன் சட்ட ஆலோசகர்க்கும் நெடுவாழ்வு வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசிக்கு வேலை தந்தவை குடும்பங்கள். குடும்பத்தார் நம்பிக்கை வைப்பது பெயர்ப்பலகையிலன்று, தம் இரகசியம் அறிந்த ஒரு மனிதரிடத்திலேயாம்.

அந்நம்பிக்கையின் மறுபுறத்தையும் மறைத்தல் தகாது. தலைமுறைதோறும் பிரிக்கப்படாத பங்குகளாகவே காணிகள் கைமாறியமையால், சிறு துண்டொன்றுக்குப் பலர் உரித்தாளராயினர். முன்வாங்குரிமை வழக்கும் பங்குவழக்கும் பெருகின. காணியின் பெறுமதியை வழக்குச் செலவே விழுங்கிய குடும்பங்களும் உண்டு. நல்ல பிரக்கிராசி வழக்கைத் தொடங்குமுன் இணக்கத்தைத் தேடினார். மற்றையோர் அங்ஙனஞ் செய்திலர். தொழிலின் மதிப்பு இவ்விரு திறத்தாராலும் அளக்கப்படுதல் வேண்டும்.

1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தினால், 1974 தொடக்கம் பிரக்கிராசி, அப்புக்காத்து என்னும் வேறுபாடு ஒழிந்தது. இருவரும் சட்டத்தரணிகள் என ஒரே பெயர் பெற்றனர். பெயர் மறைந்ததேயன்றி உறுதியின் தேவை மறையவில்லை. பின்வந்த போர்க்காலத்திலேயே அதன் அருமை முழுதும் விளங்கிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, உடுத்த உடையோடு உறுதிகளையும் எடுத்துச் சென்றவர் பலர். அவற்றை இழந்தோரும் பலர். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, உரித்தாளனுக்கு மாறாகப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் அக்காணிக்கு உரித்துக் கோரலாம். ஊர் திரும்ப இயலாதிருந்தவர்க்கு இவ்விதி பெருங்கேடாய் முடிந்திருக்கும். 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தில் தம் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோர்க்கு விசேட ஏற்பாடு செய்தமை இதனாலேயாம்.

ஆயினும் சட்டம் காலக்கணக்கிற் சலுகை வழங்கலாமேயன்றி, காணி யாருடையது என்பதற்குச் சான்று வழங்காது. அச்சான்றை என்றோ ஒருநாள் ஒரு நொத்தாரிசு நான்கெல்லையும் கிணற்றுப் பங்கும் பிழையின்றி எழுதி வைத்திருத்தல் வேண்டும். மூலம் அழிந்தாலும் பிரதியேனும் எஞ்சட்டும் என்று மூன்று படிகளை விதித்த ஒழுங்கின் பெருமை ஈண்டே விளங்குகிறது. யாழ்ப்பாணத்துச் சட்ட அலுவலகங்கள் தம் பெயரை நிலைநிறுத்தாது மறைந்தன. அவற்றில் எழுதப்பட்ட உறுதிகளோ இன்றும் மன்றிற் சான்று பகர்கின்றன. பழைய உறுதிகளைப் பேணுதல், உரித்தாளர்க்கு மட்டுமன்றி ஊர் வரலாறு கற்போர்க்கும் உரிய கடமையாகும்.