இரு கதைகளும் ஒரே பக்கத்தில்: மர்ம நாவலும் குழந்தைகளின் படப்புத்தகமும்

துப்பறியும் நாவலுக்குள் இரண்டு கதைகள் உள்ளன என்றார் த்ஸ்வெதான் தோதரோவ் (1966). ஒன்று குற்றத்தின் கதை. நாவல் சூடுபிடிக்கும் முன்பே அது நடந்து முடிந்திருக்கும். மற்றது அதைத் தோண்டியெடுக்கும் விசாரணையின் கதை. தோண்டி முடிந்ததும் வாசகருக்கு அங்கே வேலை இல்லை. குற்றவாளி யாரென்று தெரிந்த பிறகு பெரும்பாலான மர்ம நாவல்களை நாம் மறுபடி எடுப்பதில்லை. படப்புத்தகத்திலும் இரண்டு கதைகள் உண்டு. ஆனால் அங்கே ஒன்று முடிந்து மற்றது வருவதில்லை. சொல்லில் ஒரு கதையும் படத்தில் இன்னொரு கதையுமாக, இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. படப்புத்தகம் அலுக்காததற்கு இந்த அமைப்பே காரணம் என்பது என் வாதம். அண்மைய மர்ம நாவல்கள் சில இதே அமைப்பை நோக்கித்தான் நகர்கின்றன.

ஜான் கிளாஸனின் ‘திஸ் இஸ் நாட் மை ஹேட்’ (2012) ஒரு முழுமையான குற்றக்கதை. சிறு மீனொன்று தூங்கும் பெரிய மீனின் தொப்பியைத் திருடிக்கொண்டு நீந்துகிறது. கதை சொல்வதும் அந்தத் திருட்டு மீன்தான். பெரிய மீன் இப்போதைக்கு விழிக்காது என்று அது சொல்லும் பக்கத்தில் பெரிய மீனின் கண் அகலத் திறந்திருக்கிறது. தன்னைப் பார்த்துவிட்ட நண்டு காட்டிக்கொடுக்காது என்று அது நம்புகிறது. நண்டோ கொடுக்கை நீட்டி வழிகாட்டுகிறது. நீர்ச்செடிகள் அடர்ந்த இடம் வந்ததும் சொல் நின்றுவிடுகிறது. உள்ளே நடந்ததைப் படமும் காட்டவில்லை. தொப்பியோடு திரும்புகிறது பெரிய மீன். 2013இல் கால்டெகாட் பதக்கமும் 2014இல் கேட் கிரீனவே பதக்கமும் பெற்ற நூல் இது.

கதைசொல்லியை நம்பலாமா? அகதா கிறிஸ்டியின் ‘த மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ (1926) வாசகரை இறுதியில் கொண்டுவந்து நிறுத்தும் கேள்வி இது. கிளாஸனின் வாசகர் எழுத்துக்கூட்டப் பழகும் முன்பே, முதல் சில பக்கங்களிலேயே இதைச் சந்தித்துவிடுகிறார்.

இங்கே வாசிக்கும் முறையையும் கணக்கில் கொள்ளவேண்டும். படப்புத்தகம் பற்றிய பேச்சில் இதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். பெரியவர் எழுத்தைப் பார்த்து உரக்கப் படிக்கிறார். குழந்தையின் கண் படத்தில் இருக்கிறது. ஆகவே சாட்சியம் சொல்பவர் பெரியவர், அதைச் சோதிப்பது குழந்தை. பாட் ஹட்சின்ஸின் ‘ரோஸிஸ் வாக்’ (1968) முழுவதிலும் 32 சொற்களே உள்ளன. கோழி உலாவப் போனதை மட்டும் அவை சொல்கின்றன. பின்னாலேயே பதுங்கி வரும் நரியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நரியைக் கண்டு கூவுவது குழந்தைதான். அடுத்த நாளும் அதே பக்கத்தில் அது கூவும். தனக்குத் தெரிந்தது உரக்கப் படிக்கும் குரலுக்குத் தெரியவில்லை என்பதுதானே அதன் மகிழ்ச்சி! விடை தெரிந்திருப்பது அந்த மகிழ்ச்சியைக் கூட்டுகிறதேயன்றிக் குறைப்பதில்லை.

இனி அண்மைய நாவல்கள். ஜேனிஸ் ஹாலெட்டின் ‘தி அப்பீல்’ (2021) இரண்டு சட்ட மாணவர்களின் கையில் ஒரு மின்னஞ்சல் கட்டைக் கொடுக்கிறது. அதே கட்டு வாசகர் கைக்கும் வருகிறது. முகமூடி அணிந்து வலம்வரும் ஜப்பானிய எழுத்தாளர் உகெட்ஸு இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஜிம் ரியான் மொழிபெயர்ப்பில் 2025இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய ‘ஸ்ட்ரேஞ்ச் பிக்சர்ஸ்’, பக்கங்களில் அச்சிட்ட ஓவியங்களையே துப்புகளாக வைக்கிறது. அவற்றுள் ஒன்று சிறுவன் வரைந்த அடுக்குமாடி வீடு. அதில் ஓர் அறை மட்டும் கிறுக்கி மறைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படத்தின் முன் நாமும் குழந்தையைப் போல உற்றுப்பார்க்கிறோம். ஆனால் உகெட்ஸு நம்மை நெடுநேரம் அப்படி விடுவதில்லை. ஒரு பாத்திரம் வந்து படத்துக்குப் பொருள் சொல்கிறது, சில இடங்களில் படத்தின் மீதே கோடிட்டும் காட்டிவிடுகிறது. சொல் படத்தை விழுங்கியதும் இரண்டு கதைகளும் ஒன்றாகிவிடுகின்றன. படப்புத்தகத்திடமிருந்து துப்பை எடுத்துக்கொண்ட இந்நாவல், அதன் மௌனத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இதை நான் குறையாகவே கருதுகிறேன்.

எதிர்வாதம் ஒன்று எழக்கூடும்: விடையை மூடி முத்திரையிட்டு வைக்கும் படப்புத்தகமும் உண்டே? கிரேம் பேஸின் ‘தி இலெவன்த் அவர்’ (1988) அப்படிப்பட்டதுதான். யானையின் பிறந்தநாள் விருந்து திருடுபோகிறது. விடை நூலின் கடைசியில் ஒட்டிய பக்கங்களுக்குள் இருக்கிறது. அமைப்பில் இது முழுத் துப்பறியும் கதை. ஆயினும் அந்தப் பக்கங்களைப் பிரித்த பின்னும் ஓவியங்கள் தீர்ந்துபோவதில்லை. ஒளிந்திருக்கும் எலிகளும் ஓரங்களில் பதிந்த குறியீடுகளும் தேடுபவருக்காக இருந்துகொண்டே இருக்கின்றன. திருடன் யார் என்ற கேள்விக்கு அந்த நூலில் உள்ள இடம் மிகச் சிறியது.