ஹாலே நகரில் ஒரு மலையப்பன்

சென்ற மார்கழியில் ஓர் இரவு, மணி பதினொன்றைக் கடந்த பிறகு, எமது பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அரியலூரை அடுத்த சிற்றூர்க்காரர். பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற மானாவாரி நிலம். கல்லூரிப் படி மிதித்த முதல் தலைமுறை. இளங்கலையில் புவியமைப்பியல் படித்தபோது பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்திற்கு எம்மிடம் இரண்டாண்டுகள் அமர்ந்திருந்தார். இப்போது ஜெர்மனியில், ஹாலே நகரில் மேற்படிப்பு. அங்கே அப்போது மாலை ஆறரைதான். ஆனால் சூரியன் நான்கு மணிக்கே மறைந்துவிட்டதாம். நலம் விசாரித்த பின் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஐயா, திரும்பி வந்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

படிப்பு கடினமா என்று கேட்டோம். இல்லையாம். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, அவற்றைச் சமாளித்துவிட்டார். இடர் வகுப்பறைக்கு வெளியே. வாடகை வீட்டின் படிக்கட்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு, குப்பையை எந்த நிறத் தொட்டியில் போடுவது என்ற விதி, குடியிருப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து வரும் கடிதம், ரொட்டிக் கடைப் பெண் கேட்கும் ஒரே ஒரு கேள்வி, எல்லாமே ஜெர்மன். காலை எட்டு மணிக்கு மொழி வகுப்பு. பிறகு ஆய்வுக்கூடம். வாரத்தில் மூன்று மாலைகள் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. இரவு ஒரு குக்கர் சோறு. மறுநாள் மதியத்துக்கும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. காலி பிளாஸ்டிக் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும் என்பதால் அவற்றைக் கட்டிலடியில் சேர்த்து வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எமக்குப் பிடிக்கவில்லை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து ஜெர்மனிக்குப் பிள்ளைகள் போவது இன்று புதுமையன்று. 2023-24 குளிர்காலப் பருவத்தில் அந்நாட்டில் பயின்ற இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,000 பேர். அயல்நாட்டு மாணவர்களில் அவர்களே பெருந்தொகையினர். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது இங்கே ஊர்ப் பேருந்து நிறுத்தம் வரை எட்டிய செய்தி. ஆனால் விசாவுக்கு முன்பே ஓராண்டுச் செலவுத் தொகையை முடக்கக் கணக்கில் கட்டியாக வேண்டும் என்பது அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ என்று நிர்ணயிக்கப்பட்டது. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். எமது மாணவரின் தந்தையார் இரண்டு ஏக்கரை அடமானம் வைத்திருக்கிறார். ஆகவே 'திரும்பி வந்துடலாம்' என்பது எளிதில் வாயில் வருகிற சொல் அன்று.

மொழியில் எது கடினம் என்று கேட்டோம். "ஐயா, கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி ரெண்டும் இல்ல. சின்னப் பொண்ணும் அஃறிணை மாதிரிதான்" என்றார். 'குழந்தை அழுதது' என்று எழுதுகிற நமக்கு அதில் வியக்க உரிமையில்லை என்றோம். வேற்றுமை நான்கு என்றார். எட்டு வேற்றுமை கண்ட தொல்காப்பியரின் பிள்ளைகள் நான்குக்கு அஞ்சுவதா என்று வாத்தியார்த்தனமாகச் சொல்லிவிட்டுப் பின்னர் வருந்தினோம். எட்டையும் தாய்மடியில் கற்றோம். நான்கையும் இருபத்திரண்டாம் வயதில் கடன் வாங்கிய பணத்தில் கற்பது வேறு. ஒன்று மட்டும் அவருக்கு ஆறுதலாம். தலைமை வாக்கியத்தில் இரண்டாம் இடத்தில் நிற்கிற வினை, துணைவாக்கியம் வந்ததும் கடைசிக்குப் போய்விடுகிறது. "அந்த இடத்துல மட்டும் நம்ம ஊருக்கு வந்த மாதிரி இருக்குங்க ஐயா."

அவர் இருக்கும் ஊரின் பெயர் அன்றிரவுதான் எம் மனத்தில் சரியாகத் தைத்தது. ஹாலே! தமிழ் அச்சு வரலாற்றைப் படித்த எவருக்கும் அது அயலூர் அன்று. தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் முதலில் வார்க்கப்பட்ட ஊர் அது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயருக்குப் பின்னால் நின்ற ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நடத்திய அநாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் இருந்த ஊர். எமது மாணவர் குளிரில் நடுங்குகிற அதே தெருக்களில் முந்நூறாண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் இளைஞர் நடுங்கியிருக்கிறார். அவர் பெயர் மலையப்பன். கிறித்தவப் பெயர் பேதுரு. அந்தக் கதையை அன்றிரவே சொன்னோம். தொலைபேசிக் கட்டணம் இல்லாத காலம் இது. சொல்வதற்கு வசதியாக இருந்தது.

1714 அக்டோபரில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். உடன் மலையப்பனும் சென்றார். நோக்கம் வேடிக்கை காட்டுவதன்று. தமிழ் மறந்துவிடாமல் இருக்க ஒரு தமிழ் வாய் வேண்டியிருந்தது. கடற்பயணம் மாதக்கணக்கில் நீண்டது. அலையாட்டத்துக்கிடையே தமிழ்ப்பணி நடந்தது. 1715 ஜூனில் நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் கரையேறி, டென்மார்க் அரசரைக் கண்டு, பின்னர் ஹாலே வந்து சேர்ந்தனர். அங்கே உருப்பெற்றதுதான் இலத்தீன் மொழியில் எழுதப்பட்டு 1716-இல் அநாதை இல்ல அச்சகத்தில் வெளியான 'கிராமாட்டிகா தமுலிகா' என்னும் தமிழ் இலக்கணம். ஐரோப்பாவிலேயே இருந்து தமிழ் கற்க விரும்புவோருக்கென எழுதப்பட்ட நூல். முகப்பில் சீகன்பால்குவின் பெயர் உண்டு. மலையப்பன் பெயர் இல்லை.

பக்தி மார்க்கத்தினரான பிராங்கேயின் இல்லம் மணியடித்து நடக்கிற இடம். எழுவது, தொழுவது, படிப்பது, உண்பது எல்லாம் வகுத்த நேரப்படி. பெரிய உணவுக் கூடத்தில் வரிசையாக அமர்ந்து உண்ண வேண்டும். காவிரிக் கழிமுகத்தில் சோறும் மீனும் உண்டு வளர்ந்த இளைஞர் அங்கே கம்பு நிற ரொட்டியை எப்படி விழுங்கினார், முதற் பனியை எந்தச் சொல்லால் அழைத்தார் என்றெல்லாம் எண்ணிப் பார்க்கலாம். தமிழறிந்தவர் ஒரே ஒருவர். அவரும் தம் ஆசான். வேறு எவரிடமும் ஜெர்மனில்தான் வாய் திறந்தாக வேண்டும்.

இதற்கு எதிர்ப்புறத்தை ஒப்பிட்டால்தான் நிலைமை விளங்கும். சீகன்பால்கு தமிழ் கற்ற நாட்களுக்கு அவர் எழுதிய கடிதமே சான்று. காலை ஏழு முதல் எட்டு வரை கற்ற சொற்களை மீளச் சொல்லிப் பார்த்தல். எட்டு முதல் பன்னிரண்டு வரை முன்பு படித்திராத தமிழ் நூல்களை வாசித்தல். பக்கத்தில் முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும். உண்ணும்போதும் ஒருவர் வாசிக்கக் கேட்பது. பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மறுபடி வாசிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு வேண்டி, பிறர் படிக்கத் தாம் கேட்பது. தொடக்கத்தில் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதியவர் அவர். வாழ்த்தத் தக்க உழைப்பு, ஐயமில்லை. ஆனால் அந்த அட்டவணையில் புலவர், எழுத்தர், வாசிப்பவர் என்று மூவர் சுற்றி நிற்கிறார்கள். மலையப்பனைச் சுற்றி எவரும் நிற்கவில்லை. அவர் ஒரே நேரத்தில் மாணவரும் அகராதியுமாக இருக்க வேண்டியிருந்தது.

அவருக்கு முன்பே ஜெர்மன் அறிந்த தமிழர் தரங்கம்பாடியில் இருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அழகப்பன் என்பவர் டேனியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் என நான்கு ஐரோப்பிய மொழிகள் அவர் நாவில் இருந்தன. எல்லாம் துறைமுகத்து வெயிலில், வணிகர் வாயிலிருந்து கற்றவை. சீகன்பால்குவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததற்காக அவர் பட்ட துன்பம் தனிக் கதை. ஊரைவிட்டே போக நேர்ந்தது. தமிழர் எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் 1714-இலும் 1717-இலும் அச்சாயின. எழுதியவர் பெயர்கள் அவற்றிலும் இல்லை. அழகப்பனின் கை அவற்றில் பெரிதும் உண்டு என்று ஆய்வாளர் கருதுவர்.

1716 ஆகஸ்டில் சீகன்பால்கு சென்னைக் கரை சேர்ந்தார். மலையப்பன் தரங்கம்பாடியில் மிஷனின் பணியாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வாழ்ந்து 1730-இல் மறைந்தார். முப்பதைத் தொட்ட வயது.

(தரங்கம்பாடியைப் பேசும்போது எமது மாவட்டத்து ஏலாக்குறிச்சியை விட்டுவிட மனம் வரவில்லை. கொள்ளிடக் கரையிலுள்ள அவ்வூரை 'திருக்காவலூர்' ஆக்கிய வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்து 'வேத விளக்கம்' எழுதியவர். ஆயினும் அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அந்த லுத்தரன்களின் அச்சகத்திலேயே அச்சேறியது. சமயத்தில் பகைத்தவர்கள் இலக்கணத்தில் கூடினார்கள்.)

கதையைக் கேட்ட மாணவர், "அப்ப அவரு என்ன எழுதி வச்சாரு ஐயா?" என்று கேட்டார். எமக்குச் சுருக்கென்றது. ஜெர்மன் கற்ற அந்நாட்களைப் பற்றி மலையப்பன் சொல்லாக எமக்குக் காட்டுவதற்கு ஒரு வரியும் கையில் இல்லை. சீகன்பால்குவின் ஏழு மணியும் எட்டு மணியும் நம்மிடம் இருக்கின்றன. "நீர் எழுதும்" என்றோம்.

இரண்டு வாரம் கழித்து அவர் பிராங்கே இல்லத்துக்குப் போய்வந்து பேசினார். 1698-இல் அடிக்கல் நாட்டிய அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. உச்சி மாடியில் அரும்பொருட் கூடம் ஒன்றுண்டு. தமிழகத்திலிருந்து போன பொருள்களும் அங்கே உள்ளன. காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் உள்ளன. கூடத்தின் இன்றைய அமைப்பு 1740-ஐ ஒட்டியது; மலையப்பன் கண்டது இதன்று. ஆனால் மாணவருக்குக் கூடம் முக்கியமாகப் படவில்லை. படிக்கட்டில்தான் வெகுநேரம் நின்றாராம்.

அடுத்து எமக்குத் தோன்றியது ஒரு யோசனை. தமிழாசிரியனுக்கு ஏன் கல்லைப் பற்றிய கவலை என்று கேட்கலாம். அரியலூரில் வாழ்பவன் கல்லைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியில்தான் எமது அன்றாடம். அந்தக் கல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலின் மிச்சம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. காரை கிராமத்துச் செம்மண் மடிப்புகளில் கடலுயிர்களின் எச்சம் காலில் இடறும். 1860களில் பிளான்போர்டு இப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பகுத்தார். மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா இவற்றின் உயிரினங்களை விரிவாக வருணித்தார். 1874-இல் யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்து, லே நகரில் புதைக்கப்பட்டார். இவர்கள் எழுதியது ஆங்கிலத்தில். ஆனால் 1895 முதல் 1898 வரை வியன்னாவில் வெளியான பிரான்ஸ் கொஸ்மாட்டின் தென்னிந்தியக் கிரெட்டேசியப் படிவு பற்றிய ஆய்வு முழுக்க ஜெர்மன் மொழியில் உள்ளது. வார்த் என்பவர் இங்கே திரட்டியனுப்பிய எச்சங்களை வைத்துக்கொண்டு, இருபதுகளின் நடுவில் இருந்த ஓர் இளைஞர் எழுதியது. நம் மாணவர் வயதுதான்! சுருள்நத்தை போன்ற அம்மோனைட்டுகளில் ஓர் இனத்துக்கு 'கொஸ்மாட்டிசெராஸ்' என்றே பின்னாளில் பெயரிட்டார்கள். பாடாலூர்ப் பக்கத்து ஊட்டத்தூரும் 'உட்டாட்டூரிசெராஸ்' என்று இன்னோர் இனத்தின் பெயரில் ஏறிக்கொண்டது. கொஸ்மாட் 1913 முதல் லைப்சிக்கில் பேராசிரியர். ஹாலேயிலிருந்து சிறிது நேர ரயில் தூரம்.

ரொட்டிக் கடைக்காக ஒரு மொழியைக் கற்பது மனத்தைக் குன்றச் செய்யும். தன் தகப்பன் நிலத்தைப் பற்றி நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவன் என்ன எழுதினான் என்று அறியக் கற்பது அப்படியன்று. இதைத்தான் சொன்னோம். அவர் பதில் பேசவில்லை. மாசி மாதம் இரண்டு பக்கத் தமிழாக்கம் வந்தது. பல இடங்களில் தடுமாற்றம். ஜெர்மன் கூட்டுச்சொற்களைப் பிரிக்காமல் ஒரே தொகையாகப் போட்டு மூச்சு முட்டவைத்திருந்தார். நாம் சிவப்பு மையில் திருத்தினோம். ஒரு வாக்கியத்தில் அவர் சொன்னதே சரி என்று அவர் மறுத்தெழுதினார். அதில் அவரே சரி.

கூடவே ஒரு கேள்வி: இந்தச் சுருள் கல்லுக்கு ஊரில் என்ன பெயர்? விடுமுறை நாளொன்றில் அவர் வீட்டுக்குப் போய்த் தந்தையாரைக் கேட்டோம். "பேரு என்னங்க சார் பேரு, கல்லுதான். ஏரு ஓட்டும்போது வரும், எடுத்து வரப்புல போடுவோம்" என்றார். பிறகு உள்ளே போய்க் கதவு அடித்துக்கொள்ளாமல் அண்டக்கொடுத்திருந்த ஒன்றை எடுத்து வந்தார். உள்ளங்கை அகலம், சுருளின் வரிகள் தேயாமல் இருந்தன. "இதப் படிக்கவா சார் அவன் அங்க போனான்?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

படமெடுத்து அன்றே ஹாலேக்கு அனுப்பினோம். பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, இரண்டு பக்கமும் தெரியும்படி மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.