மழையின் கடிகாரமும் நம் முன்னோர் அளந்த விகலையும்

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் உள்ள பாடாலூரைச் சுற்றி மானாவாரி நிலங்கள் மிகுதி. மழை பொய்த்தால் சின்ன வெங்காயமும் பருத்தியும் வாடும். மழை வேண்டித் தொழுது கையேந்துவோம். அப்போது ஒரு வாதமும் எழும்: "தட்பவெப்பம் என்றும் தானாகவே மாறி வந்தது, இதில் மனிதனின் பங்கு என்ன?"

வாதத்தின் முற்பகுதி உண்மையே. பாடாலூருக்கு அருகே சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940-இல் நிலவியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைக் கடல் சூழ்ந்திருந்ததன் சாட்சி அது. ஆனால் பருவமழையின் ஏற்றத்தாழ்வைக் கோடிகளால் அன்று, ஆயிரங்களால் அளக்க வேண்டும்.

பூமியின் பாதை முழு வட்டமன்று. ஆண்டுக்கொருமுறை அது சூரியனை நெருங்குகிறது. இன்று அந்நெருக்கம் ஜனவரித் தொடக்கத்தில் நிகழ்கிறது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அது வடகோளத்தின் கோடையில் நிகழ்ந்தது. நிலம் மிகுதியாகச் சூடேறி, கடலின் ஈரக்காற்றை வலுவாக இழுத்தது. 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஜூலை வெயில் இன்றைவிடச் சுமார் 7 விழுக்காடு கூடுதல் என்பதைக் கொண்டு, அன்றைய பருவமழையின் வலிமையை 1981-இல் ஜான் குட்ஸ்பாக் கணினி வழியே விளக்கினார். அக்காலத்தில் சஹாராவிலும் அரபு மண்ணிலும் ஏரிகள் இருந்தன. நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து 1993-இல் வெளியான ஆய்வும், ஏறத்தாழ அதே காலத்தை ஈரம் மிகுந்ததாகக் காட்டியது. பின்னர் நெருக்கத்தின் காலம் மெல்ல நகர, தென்மேற்குப் பருவமழை தளர்ந்தது, சஹாரா பாலையாயிற்று.

இக்கடிகாரத்தின் ஒரு பல்சக்கரத்தை அளந்தவர்கள் முஸ்லிம் வானியலாளர்கள். ரக்காவில் வாழ்ந்த அல்-பத்தானி (இறப்பு 929), சூரியனின் சேய்மைப்புள்ளி தாலமியின் காலத்திலிருந்து இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். 11-ஆம் நூற்றாண்டில் அந்தலூசின் தொலைதோ நகரில் வாழ்ந்த அஸ்-ஸர்காலி, விண்மீன்களை நோக்க அப்புள்ளி ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விகலை நகர்வதாகக் கணித்தார். ஒரு பாகையில் 3,600 விகலைகள். அத்துணை நுண்ணிய அளவு இன்றைய மதிப்புக்கு மிக அருகில் உள்ளது! பூமியின் அச்சு பம்பரம்போல் தலைசுற்றுவதால் ஆண்டுக்கு 50 விகலை பெயர்ச்சி உண்டு. இரண்டும் சேர்ந்த 62 விகலையே, நெருக்கத்தின் பருவத்தை ஏறத்தாழ 21,000 ஆண்டுகளில் ஒரு முழுச்சுற்று சுற்றவைக்கிறது. அவ்வளவு மழையையும் ஆளும் என அவர்கள் அறிந்திருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே இயங்குகின்றன என்ற சூரா அர்ரஹ்மானின் செய்தியை நம்பியவர்கள், அக்கணக்கைப் பொறுமையாகத் தேடினார்கள்.

இனி வாதத்தின் பிற்பகுதிக்கு வருவோம். மனித ஆயுள் 70 ஆண்டு என்றால், அதற்குள் இக்கடிகாரம் ஒரு பாகையும் பன்னிரண்டு கலையும்தான் நகரும். ஒரே தலைமுறையில் ஏரி தூர்ந்ததற்கும், கிணறு வற்றியதற்கும், புகையால் காற்று சூடேறியதற்கும் அதன்மீது பழிபோட இயலாது. நிலத்திலும் கடலிலும் விளையும் சீர்கேட்டை மனிதரின் செயலோடு சூரா அர்ரூம் இணைத்துப் பேசுகிறது.

மழைக்காகக் கையேந்துவோம், அதே கைகளால் வாய்க்காலையும் தூர்வாருவோம். வல்ல அல்லாஹ் பயனுள்ள மழையையும், அதைப் பேணும் பொறுப்புணர்வையும் நமக்கு அருள்வானாக. ஆமீன்.