போஹாஷா

பிரேசில் நெடுஞ்சாலையோரம் ‘போஹஷரீயா’ என்று எழுதியிருக்கும் பலகையை ஸ்பானியம் பேசுபவர் சாராயக்கடை என்றே வாசிப்பார். உள்ளே டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அதன் அடிச்சொல்லுக்கு இரு மொழியிலும் ஒரே எழுத்துக்கூட்டல்தான், ஸ்பானியத்தில் அது ‘போர்ராச்சா’, குடித்திருப்பவள். போர்த்துகீசியத்தில் ‘போஹாஷா’, அதாவது ரப்பர். பள்ளிப் பிள்ளையின் அழிப்பானும் அதுவே.

இரண்டுக்கும் மூலம் ஒரு பை. திராட்சை மது நிரப்பும் தோல்பைக்கு இரு மொழியிலும் இதே பெயர் உண்டு. குடிகாரருக்கு அந்தப் பெயர் பையிலிருந்தே வந்தது என்பர், பொருத்தம்தான்! அமேசான் பழங்குடியினர் மரப்பாலில் குடுவை செய்வதைக் கண்ட போர்த்துகீசியரோ, தங்கள் தோல்பையின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பிறகு குடுவை போய், அதைச் செய்த பொருளுக்கே பெயர் நிலைத்தது. அண்டைமொழிதானே என்று அகராதியைத் திறக்காத ஸ்பானியர்கள் முதலில் இடறும் சொற்களில் இதுவும் ஒன்று.