நாட்பட்ட குதிக்கால் வலி

வளர்ந்தோரில், குறிப்பாக 40 முதல் 60 வயதினரில், மாதக்கணக்கில் நீடிக்கும் பாத நோய். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதலடியில் கடுமையாகக் குத்தும். சற்று நடந்தால் தணியும். நெடுநேரம் நின்றால் திரும்பவும் வரும். குதிக்கால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் இழைப்பட்டை, அந்த எலும்பைப் பற்றும் இடத்திலேயே வலி பெரும்பாலும் தோன்றுகிறது. கொழும்பின் கொள்ளுப்பிட்டிக் கடைகளில் நாள்முழுதும் நிற்போரும், வெள்ளவத்தை மாடிவீடுகளின் டைல்ஸ் தரையில் வெறுங்காலுடன் வேலைசெய்வோரும் இதை 'எலும்பு வளர்ந்துவிட்டது' என்பர். சிகிச்சையைத் திசைதிருப்புவது இந்த நம்பிக்கையே.

பண்டைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை வாதகண்டகம் என்னும் நோயைச் சொல்லும்போது, சமனின்றிக் கால் ஊன்றுவதால் வாதம் அவ்விடத்தில் தங்கி நோவு தருகிறது என்கிறது. பொரளையில் 1929இல் திறக்கப்பட்ட சுதேச மருத்துவக் கல்லூரியின் வழியே அந்த மரபு கொழும்பில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. வாதக் கோட்பாட்டை ஏற்காதவரும் ஒன்றை மதிக்க வேண்டும்: அந்நூல் காரணத்தைப் பாதம் சுமக்கும் முறையில் தேடியது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியர் கசநோய் முதலான தொற்றுகளில் தேடினர். 1895இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டபின், 1900இல் ஜெர்மானிய மருத்துவர் பிளெட்னர் குதிக்கால் எலும்பில் வளரும் முள்ளை விவரித்தார். பழி முழுவதும் அதன்மேல் விழுந்தது. முள் இருந்தும் வலியில்லாதோர் பலர். வலியிருந்தும் முள் இல்லாதோரும் பலர். அழற்சி என்ற விளக்கமும் நிலைக்கவில்லை. 2003இல் ஆய்வாளர் லெமோன்ட் குழுவினர் 50 அறுவைச் சிகிச்சைகளின் திசுக்களை ஆராய்ந்தபோது, அழற்சியை அன்றி இழைகளின் சிதைவையே கண்டனர்.

வலியுள்ளோரிடம் முள் கூடுதலாகக் காணப்படுகிறதே என்பர். மிகைச்சுமை இரண்டையும் உண்டாக்குகிறது என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம். ஸ்டீராய்டு ஊசி போட்டதும் வலி குறைகிறதே என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆறுதல் சில வாரங்களுக்கே. அடிக்கடி போட்டால் இழைப்பட்டை அறுந்துபோகவும் கூடும்.

ஆகவே பட்டையின் சுமையைக் குறைத்து, அதன் தாங்குதிறனை வளர்ப்பதே முறை. விரல்களைக் கையால் மேல்நோக்கி வளைத்து உள்ளங்காலை நீட்டும் பயிற்சியைப் படுக்கையிலேயே செய்யலாம். விரல்களுக்கடியில் சுருட்டிய துவாயை வைத்துக் குதிக்காலை மெல்ல உயர்த்தி இறக்கும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தோர், நீட்சிப் பயிற்சி மட்டும் செய்தோரைவிட மூன்று மாதத்தில் நன்கு தேறியதை 2014இல் டென்மார்க் ஆய்வொன்று காட்டியது. தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்றுவதும் எடையைக் குறைப்பதும் துணைசெய்யும். அறுவையின்றியே பெரும்பாலோர் ஓராண்டுக்குள் குணமடைகின்றனர். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயன்மருத்துவச் சேவை உண்டு.

இரவில் ஓய்விலும் குறையாத வலி, வீக்கம், காய்ச்சல், மரத்துப்போதல் இருந்தால் பயிற்சியைத் தொடராமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்த நீரிழிவு நோயாளர் வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக்கூடாது.