ஓசை நீங்கிய பாட்டு

குழந்தைப் பாட்டு செவிக்கும் நாவுக்கும் உரியது. எழுத்தறியாத பிள்ளைக்கும் அது முதலில் ஓசையாகவே சென்று சேர்கிறது. பொருள் பின்னால் வருகிறது. அந்த ஓசையை நீக்கிவிட்டால் பாட்டில் எஞ்சுவது என்ன? 1920களின் இறுதியில் சோவியத் ஓவியர் சிலர் இக்கேள்விக்கு ஊமைப்படங்களின் வழியே விடை தேடினர்.

1927ஆம் ஆண்டில் மட்டும் கொர்னேய் சுக்கோவ்ஸ்கியின் குழந்தைக் கவிதைகளைத் தழுவி மூன்று அசைவூட்டப் படங்கள் வெளிவந்தன. குளிக்க மறுக்கும் சிறுவனைக் கழுவுதொட்டியே அதட்டித் திருத்தும் 'மொய்தோதிர்' ஒன்று. மீசை வைத்த கரப்பானுக்கு விலங்குகளெல்லாம் நடுங்கும் 'தரக்கானிஷ்ச்சே' மற்றொன்று. முதலைக் கதையிலிருந்து பிறந்த 'ஆப்பிரிக்கச் சேன்கா' மூன்றாவது.

இக்கவிதைகள் ஊமைப்படமாக இசைந்தது தற்செயலன்று. குழந்தைகளுக்கு எழுதும் கவிஞர்க்குச் சுக்கோவ்ஸ்கி சில விதிகளை வகுத்தார். ஒவ்வொரு கண்ணியும் ஓவியன் வரையத்தக்க காட்சியாக அமைய வேண்டும். காட்சிகள் விரைந்து மாற வேண்டும். சந்தம் துள்ளி நடக்க வேண்டும் என்பன அவற்றுள் முதன்மையானவை. அசைவூட்டப் படத்தின் இலக்கணமும் ஏறத்தாழ இதுதானே!

இம்முயற்சிகளின் உச்சம் 1929இல் லெனின்கிராடில் மிகயீல் செகனோவ்ஸ்கி உருவாக்கிய 'தபால்'. சமுயில் மர்ஷாக்கின் அதே பெயருடைய கவிதைக்கு 1927இல் நூலோவியம் வரைந்தவரும் இவரே. ஊர் ஊராகச் செல்லும் ஒருவரைத் தேடி ஒரு கடிதம் லெனின்கிராடிலிருந்து பெர்லின், லண்டன், பிரேசில் எனச் சுற்றி வருகிறது. ஒவ்வோரிடத்திலும் ஒரு தபால்காரர் தோன்றுவதே கவிதையின் கட்டுக்கோப்பு. படத்தில் அத்தபால்காரர்களின் நடை நாட்டுக்கு நாடு மாறுகிறது. செவி கேட்ட சந்தம் கால்களின் அசைவாகிக் கண்ணுக்குப் புலப்படுகிறது. நம் யாப்பிலும் 'அடி' என்றும் 'நடை' என்றும் வழங்கும் சொற்கள் காலைச் சுட்டுவனதாமே.

இம்மலர்ச்சி இடரின்றி நிகழவில்லை. 1928 பிப்ரவரியில் லெனினின் துணைவியார் க்ரூப்ஸ்கயா, சுக்கோவ்ஸ்கியின் 'முதலை'யைக் கண்டித்துப் 'பிராவ்தா'வில் எழுதினார். கவிஞருக்காகப் பரிந்து மறுமொழி எழுதியவர் மாக்சிம் கார்க்கி. அதற்குள் திரையும் பேசத் தொடங்கிவிட்டது. 'தபால்' படத்துக்கே 1930இல் விளாதிமிர் தெஷேவோவின் இசை சேர்க்கப்பட்டது. பின்னர் புஷ்கினின் செய்யுட்கதை ஒன்றை ஷொஸ்தகோவிச்சின் இசையுடன் படமாக்கச் செகனோவ்ஸ்கி முயன்றார். முற்றுப்பெறாத அப்படச்சுருள்கள் 1941இல் குண்டுவீச்சில் எரிந்தன. ஒரு சந்தைக் காட்சி மட்டுமே எஞ்சியது.

கந்தர்வக்கோட்டையில் அமர்ந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் குழந்தைப் பாட்டின் விளைநிலம். அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்த இராயவரம் இம்மாவட்டத்து ஊரே. செகனோவ்ஸ்கியின் படம் வந்தபோது அவருக்கு வயது ஏழு. அவருடைய 'மலரும் உள்ளம்' வெளிவந்தது 1944இல். தமிழ்த் திரையோ 1931இல் 'காளிதாஸ்' படத்துடனேயே பேசத் தொடங்கிவிட்டது. ஆகவே நம் குழந்தைப் பாட்டு செழித்த காலமும் ஊமைப்படக் காலமும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

இன்று தமிழ்க் குழந்தைப் பாடல்கள் கைபேசித் திரையில் அசைபடங்களாக ஓடுகின்றன. படமும் குரலும் இசையும் நிரம்பி வழிகின்றன. குழந்தை பார்க்கிறது, பாடுவதோ அரிது, ஏனெனில் அதன் நாவுக்கு அங்கே வேலை மிச்சமில்லை. ஊமைப்படம் வாயடைத்து நின்றதால், பாட்டை நெஞ்சில் வைத்திருக்கும் குழந்தைக்கு அதைத் தானே சொல்லிக்கொள்ள இடமிருந்தது. வள்ளியப்பாவின் பாடலுக்குப் படம் வரைய முனைவோர் இந்த ஒரு பாடத்தை அந்தப் பழைய படச்சுருள்களிடமிருந்து கற்கலாம். முழுப்பாட்டையும் படமே பாடிவிடக் கூடாது. சில அடிகளையேனும் குழந்தையின் வாய்க்கு விட்டுவைக்க வேண்டும்.